பக்கவாட்டில் போன லிஃப்ட்

சாக்பீஸ் வந்த அட்டைப் பெட்டியின் மூடியில் ஒரு கீறல் போட்டு, அதைக் கேள்விப் பெட்டியாக்கி நூலக மேசைமேல் வைத்திருந்தார்கள். எழுந்து கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் சீட்டில் எழுதிப் போடலாம் என்று தலைமையாசிரியை சொன்னதும், கூச்சம் என்றால் என்னவென்றே தெரியாத கணக்கு வாத்தியார்கூடச் சீட்டு கேட்டு வாங்கினார். ஆசிரியைகளில் ஒருத்தியான அவள் தன் கேள்வியை எழுதி நான்காக மடித்தாள். கையெழுத்து தெரிந்துவிடும் என்று தோன்றியது. இன்னொரு சீட்டில் அதையே அச்செழுத்துப் போல எழுத்து எழுத்தாகப் பிரித்து எழுதிப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, முதல் சீட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். தேர்வில் பிட் எழுதும் பிள்ளைகளின் முகத்தை இத்தனை வருஷம் பார்த்திருக்கிறாள். அந்த முகம் உள்ளிருந்து எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

பதிப்புரிமை பற்றி ஆசிரியர்களின் சந்தேகங்களைத் தீர்த்துவைக்க வந்திருந்த வக்கீல், இந்தப் பள்ளியிலேயே படித்துவிட்டுப் போனவளோ என்று நினைக்கும்படி இளையவள். ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் படித்தாள். புத்தகம் முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாமா, ஒரு பாடம் மட்டும் என்றால் பரவாயில்லையா, ஆண்டுவிழாவில் வேறொருவர் நாடகத்தைப் போட்டால் கேஸ் வருமா, வாட்ஸாப்பில் வந்த கவிதைக்குச் சொந்தக்காரர் யார். கணக்கு வாத்தியார் சீட்டு எழுதியது போதாதென்று எழுந்தே கேட்டார்.

"யாரோடதுன்னு கீழ பேர் போட்டுட்டா போதும்ல மேடம்?"

"பக்கத்து வீட்டு வண்டிய சொல்லாம எடுத்துட்டுப் போறீங்க சார். 'இது பக்கத்து வீட்டுக்காரர் வண்டி'ன்னு பின்னாடி எழுதி ஒட்டிட்டா சரியாப் போச்சா?"

நூலகம் சிரித்தது. அவளும் சிரித்தாள். பேர்கூடப் போடாமல் வண்டியை எடுத்துப் போனவளுக்கு என்ன உவமை சொல்வாள் இந்தப் பெண் என்று நினைத்தபோது சிரிப்பு பாதியில் நின்றது. "நம்ம எழுத்தாளருக்குத்தான் இதெல்லாம் ரொம்பத் தேவை" என்று தலைமையாசிரியை அவள் பக்கம் கை காட்டினார். எல்லாத் தலைகளும் திரும்பின. கைப்பையின் ஜிப்பை அவள் இன்னொரு தரம் இழுத்து மூடினாள்.

வக்கீல் அடுத்த சீட்டைப் பிரித்தாள். "ஒருத்தர் வாயால சொல்லி, இன்னொருத்தர் எழுதினா, கதை யாருக்குச் சொந்தம்?"

"எங்க வீட்டுல நான் சொல்றத யாருமே எழுதிக்கறதில்ல" என்றார் உடற்பயிற்சி ஆசிரியர். மறுபடி சிரிப்பு. வக்கீல் மட்டும் சிரிக்காமல் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நல்ல கேள்வி என்றாள். வெறும் யோசனைக்கு உரிமை கிடையாது, அதற்கு உருவம் கொடுத்த வார்த்தைகளுக்குத்தான் உரிமை. ஒரு லிஃப்ட் பேசுவதாகக் கதை எழுதலாமே என்று ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதினால் அது எழுதியவருடையது. ஆனால் சொன்னவருடைய வார்த்தைகளையே பிடித்து எழுதியிருந்தால், பேனா யார் கையில் இருந்தது என்பது பெரிதில்லை. சொன்னவர்தான் ஆசிரியர். இரண்டு பேர் வார்த்தையும் பிரிக்கமுடியாமல் கலந்திருந்தால் இரண்டு பேருக்கும் சொந்தம், ஒருவர் கையெழுத்து மட்டும் போதாது.

லிஃப்ட் என்ற சொல் எங்கிருந்து வந்தது? வக்கீலுக்கு ஏதோ ஓர் உதாரணம் தேவைப்பட்டிருக்கும். அல்லது இவள் எழுதிய லிஃப்ட் கதைப் புத்தகத்தைச் சிறுவயதில் படித்திருப்பாள். கூட்டம் முடிந்து வராந்தாவில் தனியாகக் கிடைத்தபோது வக்கீல் அவளிடம் மெதுவாகச் சொன்னாள்: "என் தம்பிக்கு உங்க புக்குன்னா உயிர் டீச்சர். சீட்டு உங்களோடதா?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"வார்த்தை உங்களோடதா, அவங்களோடதா?"

"தெரியலம்மா."

"எழுதினது நீங்கதானே?"

"அதான் தெரியல."

*

வேலை கிடைத்த புதிதில் இரண்டு வருஷம் அவள் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். நாலாவது மாடி. அண்ணன் மகளுக்கு அப்போது மூன்று வயது, சாப்பாட்டுக் கிண்ணத்தைப் பார்த்ததும் வாயை இறுக்கிக்கொள்ளும் குழந்தை. 'பூட்டு' என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். அந்தப் பூட்டுக்கு அண்ணி கண்டுபிடித்த சாவி ஒரு கதை. மேலும் கீழும் போய் அலுத்துப்போன லிஃப்ட் ஒருநாள் பக்கவாட்டில் போக ஆரம்பிக்கிறது. சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் நுழைகிறது, அங்கிருந்து அடுத்த வீடு, அங்கிருந்து தெரு. கரண்டிதான் லிஃப்ட், குழந்தையின் வாய்தான் கதவு. "லிஃப்ட் வந்துருச்சு, கதவத் திற, உள்ள ஆள் நிக்குது" என்பாள் அண்ணி. கதவு திறக்கும். கிண்ணம் காலியாகிற இடத்தில் கதை நிற்கும், மறுநாள் அங்கிருந்து கிளம்பும். அந்த லிஃப்டுக்கு ஒரு முடிவு இருந்ததே இல்லை.

அவள் எதிரே உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவாள். அப்படித்தான் அண்ணி நினைத்தாள். தாள்களுக்கு நடுவே வெள்ளைக் காகிதம் வைத்து அவள் கதையை எழுதிக்கொண்டிருந்தாள். "என்னடி, மூச்சு விடாம திருத்தற?" என்று அண்ணி ஒருதரம் கேட்டாள். "பிள்ளைங்க அவ்வளவு தப்பு பண்ணுதுங்க அண்ணி" என்றாள் இவள். அப்போது அது அவளுக்குப் பொய்யாகவே தோன்றவில்லை. அச்சில் கொண்டுவந்து திடீரென்று கையில் கொடுத்தால் அண்ணி எப்படிப் பூரிப்பாள் என்று அந்த முகத்தை மனதுக்குள் ஆயிரம் தரம் பார்த்து வைத்திருந்தாள். பதிப்பாளரின் ஒப்பந்தத்தில் ஆசிரியர் பெயர் என்று ஒரே ஒரு கோடு இருந்தது. கோட்டைப் பார்த்ததும் கை தன் பெயரைத்தான் எழுதியது. யாரும் பிடித்து எழுத வைக்கவில்லை, கைக்குப் பழக்கம் அது. முதல் பக்கத்தில் மட்டும் 'கதை கேட்கச் சொல்லிக்கொடுத்த அண்ணிக்கு' என்று போடச் சொன்னாள். அதைத் தன் பெரிய மனது என்றே நினைத்தாள்.

புத்தகத்தை வாங்கிப் புரட்டிய அண்ணி சிரித்தாள். "நல்லா இருக்கு. சமைச்சவளையே உக்கார வெச்சு ஒரு வாய் ஊட்டி விட்டிருக்க." அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அன்று சந்தோஷமாகத்தான் தூங்கினாள். அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது அண்ணி கதவைத் திறந்து, "வாங்க டீச்சர்" என்றாள். 'வாடி' என்று கூப்பிட்ட வாய் அது. அந்த 'ங்க' அன்றிலிருந்து மாறவில்லை. எதுவும் குறைவில்லை. சாப்பாடு, விசாரிப்பு, கிளம்பும்போது வாசல்வரை வருவது, எல்லாம் உண்டு. அவள் எதிரில் அண்ணி கதை மட்டும் சொல்வதில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் மாட்டின லிஃப்ட்" என்று அண்ணன் சிரிப்பான். அவன் சிரித்தாலும் இரண்டு பேரும் சிரிக்கமாட்டார்கள்.

இப்போது பூட்டு கல்லூரிக்குப் போகிறாள். புத்தகத்தைப் பெரிய படங்களோடு மறுபடி கொண்டுவரப்போகிறார்கள். புது ஒப்பந்தத்தில் ஒரு வரி: 'இப்படைப்பு முழுவதும் என்னுடைய சொந்தப் படைப்பு என உறுதி கூறுகிறேன்.' முதல் ஒப்பந்தத்திலும் அந்த வரி இருந்திருக்கும். அவள்தான் படித்திருக்கமாட்டாள்.

மறுநாள் வகுப்பு இல்லாத நேரத்தில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, புத்தகத்தையும் இரண்டு பேனாக்களையும் எடுத்துக்கொண்டாள். அண்ணியின் வாக்கியங்களுக்குச் சிவப்பு, தன்னுடையதற்கு நீலம். வாழ்நாளெல்லாம் திருத்திய கைக்கு இது ஒரு வேலையா என்றுதான் ஆரம்பித்தாள். 'லிஃப்டுக்குக் கால் வலிக்காது, கயிறு வலிக்கும்.' அவள் எழுத்தைப் பாராட்டி யாரோ எழுதியபோது எடுத்துக்காட்டிய வாக்கியம். எழுதிய ஞாபகம் இருக்கிறது. எழுதும்போது அண்ணியின் கரண்டி பாதி வழியில் நின்றதும் ஞாபகம் இருக்கிறது. சொல்லிவிட்டு நிறுத்தினாளா, இவள் ஏதோ சொன்னதைக் கேட்டு நிறுத்தினாளா? பேனாவை மாற்றி மாற்றி எடுத்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரே வாக்கியத்துக்குக் கீழே இரண்டு நிறமும் ஓடின. அதற்கப்புறம் கோடே போடவில்லை. சத்தியம் செய்து தன்னுடையது என்று சொல்லக்கூடிய வாக்கியம் ஒன்றுதான், கடைசிப் பக்கத்தில். 'ஊரெல்லாம் சுற்றிய லிஃப்ட் திரும்பி வந்து, தன் இடத்தில் நின்றது.' புத்தகம் முடிய வேண்டுமே என்று எழுதியது. அதை நீலத்தில் அடிக்கோடிட்டுவிட்டுப் பார்த்தபோது, புத்தகத்திலேயே உயிரில்லாத வாக்கியம் அதுதான் என்று பட்டது.

*

சனிக்கிழமை மதியம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அதே லிஃப்ட், உள்ளே கண்ணாடி மட்டும் புதிது. நாலாவது மாடியில் இறங்கியதும் குரல் கேட்டது. வாசலில் கம்பிக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரி தன் குழந்தையைப் பகலில் அண்ணியிடம் விட்டுவிட்டுப் போகிறாள் என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

"...கடலுக்குள்ள போயிருச்சா, அங்க ஒரே மீன். எல்லா மீனும் வரிசையில நிக்குது. ஒரு பெரிய மீன் வந்து, 'ஏம்ப்பா, எத்தனாவது மாடிக்குப் போற?'ன்னு கேட்டுச்சு. லிஃப்ட் என்ன சொல்லுச்சு தெரியுமா? கதவத் திற, சொல்றேன்..."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லிஃப்ட் நிற்கவே இல்லை. இத்தனை வருஷமும் போய்க்கொண்டேதான் இருந்திருக்கிறது, தெருவைத் தாண்டி, ஊரைத் தாண்டி, கடல்வரை. வலது கையின் இரண்டு விரல்கள் தாமாகச் சேர்ந்து பேனா பிடிக்கிற மாதிரி குவிந்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள். விரல்களைப் பிரித்தாள். உள்ளே குழந்தை அவளைப் பார்த்துக் கை நீட்டியது. அண்ணி திரும்பினாள். கதை அறுந்தது.

"வாங்க டீச்சர்."

உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பூட்டின் படிப்பைப் பற்றி விசாரித்தபின் அவள் ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினாள். ஆசிரியர் பெயருக்கான ஒற்றைக் கோட்டுக்குக் கீழே அவளே இன்னொரு கோடு போட்டிருந்தாள்.

"ரெண்டு பேர் பேரும் போடணும் அண்ணி. உங்க பேர் முதல்ல."

அண்ணி குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க ஒன்றும் இல்லை.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. ஸ்கூலுக்கு ஒரு வக்கீல் வந்திருந்தாங்க... கேட்டேன்."

"ஓ. சட்டம் கேட்டுட்டு வந்திருக்கியா?"

'வந்திருக்கியா.' கோபத்தில் 'ங்க' தவறி விழுந்துவிட்டது. அந்தக் கோபத்துக்கு நடுவிலும் அவள் மனது அதைக் குனிந்து பொறுக்கிக்கொண்டது.

"தப்புதான் அண்ணி. அப்பவே போட்டிருக்கணும்."

"பேருக்கா நான் இத்தனை நாள் பேசாம இருந்தேன்னு நெனச்ச?" அண்ணி குரலை உயர்த்தவில்லை. "திருத்தறேன்னு சொன்னியே. நானும் தாள்தான் திருத்தறான்னு நெனச்சு, வாய்க்கு வந்ததெல்லாம் உளறிட்டு உக்காந்திருந்தேன். என்ன எழுதறேன்னு சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? ராத்திரி பகலா சேர்ந்து உக்காந்திருப்பேன்டி."

எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அவள் பார்த்து வைத்திருந்தது அண்ணி பூரிக்கும் முகத்தைத்தான். பக்கத்தில் உட்கார்ந்து அடித்துத் திருத்திச் சண்டை போடும் முகம் ஒன்று இருந்திருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

"அதுலயும் திரும்பி வந்து நின்னுச்சுன்னு முடிச்ச பாரு. அது எங்க நின்னுச்சு? இப்ப உன் முன்னாடி வாயத் திறந்தாலே, எங்கயோ எழுதறியோன்னு இருக்கு. நான் என்ன பண்ண?"

"அப்புறம்?" என்றது குழந்தை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, கதவை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. அண்ணி கரண்டியை எடுத்தாள். எடுத்த கை கிண்ணத்துக்கு மேலேயே நின்றது.

"இரு கண்ணு, அத்தை கிளம்பட்டும்."

அண்ணி அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. மழை விடட்டும் என்பது போலத்தான் சொன்னாள். அவள் எழுந்தாள். ஒப்பந்தத்தை எங்கே வைப்பது என்று பார்த்தாள்.

"வெச்சுட்டுப் போ. பாக்கறேன்" என்றாள் அண்ணி. பிறகு, "லிஃப்ட் இருக்கு" என்றாள்.

கம்பிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். லிஃப்ட் அந்த மாடியிலேயே விளக்கோடு காத்திருந்தது. உள்ளே இன்னும் பேச்சில்லை. பெரிய மீன் கேட்டுவிட்டு நிற்கிறது. லிஃப்ட் என்ன சொல்லியிருக்கும்? சுவரோடு ஒட்டி ஒரு நிமிஷம் நின்றால் போதும், கேட்டுவிடலாம். லிஃப்டில் இறங்கினால் சத்தமே வராது, போனாளா நிற்கிறாளா என்று உள்ளே இருப்பவளுக்குத் தெரியாது.

அவள் படிப்பக்கம் திரும்பினாள். முதல் படியில் செருப்பை ஓங்கி வைத்தாள். வகுப்பில் எந்தப் பிள்ளையாவது இப்படி இறங்கினால் காதைத் திருகியிருப்பாள். அடுத்த படி, அதற்கடுத்த படி, சுவரெல்லாம் எதிரொலிக்க, போகிறேன் போகிறேன் என்று தட்டித் தட்டி இறங்கினாள். மூன்றாவது மாடியில் ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அவள் நிற்கவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் மேலேயிருந்து குழந்தை சிரிப்பது கேட்டது. இன்னும் பலமாக மிதித்தாள்.