நாலு முறை வந்த லாரி

எங்கள் செப்டிக் டேங்க்கை உடைத்துப் புதிதாகக் கட்ட ஆள் வைத்ததே பக்கத்து வீட்டுக்காரரால்தான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் டேங்க் கசிந்து எங்களுடையதையும் கெடுத்துவிட்டது என்பது என் கட்சி. நாற்றம் அடிக்கும்போதெல்லாம் மதிலருகே நின்று வாய்க்கு வந்தபடி கத்துவேன். ஓய்வுபெற்ற தபால்காரர் அவர். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. மூன்று வருஷத்தில் நாலு முறை லாரியை வரவழைத்துத் தன் டேங்க்கைக் காலி செய்தார்.

இன்று காலை கொத்தனார் குழிக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

"அண்ணே, இங்க வந்து பாருங்க."

எங்கள் டேங்க்கின் மதில் பக்கத்துச் சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதற்கு அப்பால் மண் கறுத்து ஊறிக் கிடந்தது.

"அவங்க டேங்க் அந்தக் கோடியிலதானே இருக்கு? இது பூரா உங்களுதுண்ணே. எத்தனையோ வருஷமா அவங்க பக்கம் போயிட்டிருக்கு."

"மெதுவாப் பேசுய்யா!" என்று பல்லைக் கடித்தேன். "முதல்ல மண்ணைத் தள்ளி அதை மூடு."

கொத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்குக் காது மடல் வரை சுட்டது. அவர் மண்வெட்டியை எடுத்தார்.

அதற்குள் மதிலுக்கு மேல் தபால்காரரின் தலை தெரிந்தது. மூக்கைத் துண்டால் பொத்தியிருந்தார்.

"தம்பி, மறுபடியும் எங்களுதுதான் போல. கோவிச்சுக்காதீங்க. நாளைக்கே லாரிக்குச் சொல்லிடுறேன்."

கொத்தனாரின் கை அப்படியே நின்றது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சரி, சீக்கிரம் சொல்லுங்க" என்றேன்.