மாதிரிக் காசு

நாத்தனார் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே கவரை நீட்டினாள்.

"உங்க கம்பெனியில என் காசைப் போலின்னு எழுதி அனுப்பியிருக்காங்க. நீ பார்த்தியா, இல்ல வேற எவனாவது பார்த்தானா?"

"நான் பார்க்கலையே அண்ணி. எங்கிட்ட கொடுத்திருக்கலாமே?"

"சொந்தக்காரின்னு சலுகை எடுத்துக்கிட்டதா இருக்கக் கூடாதுன்னுதான் எல்லாரையும் மாதிரி வரிசையில அனுப்பினேன். எனக்கு நல்லா வேணும்."

பழங்காசுகளை ஆராய்ந்து, அசலா போலியா என்று சொல்லி, தரத்துக்கு ஒரு எண் போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்துக் கொடுக்கும் நிறுவனம் அது. தம்பி மனைவியான அவள் அதில் பதினாறு வருஷமாக இருந்தாள். கழுத்தில் எந்நேரமும் லென்ஸ் தொங்கும் என்பதால் அங்கே அவளுக்கு லென்ஸக்கா என்றே பெயர். வீட்டில் அவள் கணவர்கூட சண்டை வந்தால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் காசை எடுத்துப் பார்த்தாள். பழைய வெள்ளிக் காசு. ஒரு பக்கம் மூன்று பாய்மரம் கொண்ட கப்பல். நாத்தனாரின் மாமனார் கல்யாணத்தன்று மருமகள் கையில் வைத்தது. விளிம்பு வரிகள் சீராக இருந்தன. பாய்த்துணியின் மேடுகள் எங்கே தேய வேண்டுமோ அங்கே மட்டும் தேய்ந்திருந்தன. அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இது அசல் அண்ணி. கூட்டம் ஜாஸ்தி. யாரோ கண் அசந்துட்டாங்க."

"நான் முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தவ. ராங் நம்பர் போட்டுட்டா மன்னிப்புக் கேட்போம். உன் நம்பரே இல்லைன்னு எழுதிக் கொடுக்க மாட்டோம்."

லென்ஸக்கா சிரித்தபடி கவருக்குள் இருந்த சீட்டைப் பிரித்தாள். காரணம் என்ற கட்டத்தில் ஒரே வரி: 'மூன்றாவது பாய்மரத்தின் கீழ் இருக்க வேண்டிய குழி இல்லை.' சிரிப்பு பாதியில் நின்றது. அப்படி ஒரு குழியை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

அவள் சேர்ந்த காலத்தில் ஒரு நாளைக்கு அறுபது காசு வரும். ஒவ்வொன்றையும் மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். கருத்து மாறினால் உட்கார்ந்து பேசுவார்கள். சில சமயம் பேசிப் பேசிக் காப்பியே ஆறிப்போகும். பிறகு ஊரெல்லாம் காசு சேர்க்கும் பைத்தியம் பிடித்தது. ஒரு மேஜைக்கே நானூறு வர ஆரம்பித்தது. மூன்று பேர் இரண்டானார்கள், இரண்டு ஒன்றானது. இரண்டாவது கிளை திறந்தார்கள். ஆறு வாரப் பயிற்சியோடு பதினாறு பேர் புதிதாக வந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி தரம் போட வேண்டுமே என்று முதலாளிக்குக் கவலை. அதற்கு இருந்தது மாதிரித் தட்டு. சந்தேகமே இல்லாத பன்னிரண்டு அசல் காசுகளை வெல்வெட்டில் பதித்த தட்டு அது. எந்தக் காசு வந்தாலும் அதோடு ஒப்பிடு, ஒத்துப்போனால் அசல். அவ்வளவுதான் சட்டம்.

மறுநாள் காலையில் மற்றவர்கள் வருவதற்குள் போய் இரும்புப் பெட்டியிலிருந்து தட்டை எடுத்தாள். மாதிரிக் கப்பல் காசையும் நாத்தனாரின் காசையும் மைக்ராஸ்கோப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மாதிரியில், மூன்றாவது பாய்மரத்தின் கீழே, ஊசி முனை அளவுக்கு ஒரு குழி இருந்தது.

கைமாறும் காசில் குழி விழுவது சகஜம். ஆனால் அது அந்த ஒரு காசுக்கு மட்டும் சொந்தமான காயம். இன்னொரு காசில் அதே இடத்தில் அதே அளவில் இருந்தால், ஒரே காசிலிருந்து அச்செடுத்து இரண்டையும் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கம்ப்யூட்டரில் சான்று கொடுத்த கப்பல் காசுகளின் படங்களைத் திறந்தாள். முதல் படத்தில் குழி. அடுத்ததில் குழி. அதற்கடுத்ததிலும். பத்து, இருபது, ஐம்பது. விடாமல் அழுத்திக்கொண்டே போனாள். பதினான்கு மாதத்தில் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் காசுகள், எல்லாவற்றிலும் அதே குழி. அதற்கு முந்தைய படங்களில் ஒன்றில்கூட இல்லை. மாதிரிக் காசின் பழைய படத்திலும் இல்லை. குழி இல்லாமல் வந்த எண்பத்து மூன்று காசுகளைப் போலி என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

யாரும் கவனிக்காததில் ஆச்சரியமில்லை. எட்டு மேஜைக்கு ஒன்றொன்றாகப் பிரிந்து வந்த காசுகள். இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எவருக்கும் நேரமில்லை. எல்லாரும் தட்டோடு ஒப்பிட்டார்கள். தட்டோடு அச்சு அசலாக ஒத்துப்போயின.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் அந்தத் தட்டு நாலு நாள் வெளியே போயிருந்தது, இரண்டாவது கிளைக்காகப் படம் எடுக்க. காசை மாற்றி வைக்க அது போதும். திரும்பி வந்ததும் ஒருவர் பன்னிரண்டையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பதிவேட்டைத் திறப்பதற்கு முன்பே யாருடைய கையெழுத்து என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்று மத்தியானம் முந்நூறு காசு காத்துக்கிடந்தது. லென்ஸைக் கழுத்திலிருந்து எடுக்காமலே போட்ட கையெழுத்து.

"பார்த்துட்டியா தங்கச்சி?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. தராசண்ணன் நின்றார். மெஷினை நம்பாமல் ஒவ்வொரு காசையும் கைத்தராசில் வைப்பவர் என்பதால் அந்தப் பெயர்.

"அண்ணே, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ரெண்டு மாசமா."

"ஏன் சொல்லல?"

"நான் மட்டும் அதுக்குள்ள இருநூறு காசை அசல்னு விட்டிருந்தேன். நாளைக்குச் சொல்லலாம்னு நினைச்சேன். மறுநாள் இன்னும் பத்து விட்டேன்." பதிவேட்டைக் காட்டி, "உன் கையெழுத்தையும் பார்த்தேன்" என்றார்.

முதலாளி அவளை உட்கார வைத்து, முழுக்கக் கேட்டார். கோபப்படவே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"மேடம், ஒரு காசு தப்புன்னா திருத்திடலாம். ஆயிரத்து நானூறு காசு வெளிய போயாச்சு. ஜனங்க வாங்கி, வித்து, பிள்ளைங்க பேர்ல எழுதி வெச்சாச்சு. இப்ப அதுதான் கப்பல் காசுன்னு ஊரே நம்புது. நாம மாத்திச் சொன்னா நம்மள யாரு நம்புவா?"

"ஆனா அது போலி சார்."

"தட்டுல இருக்கிறது எப்படி போலியாகும்?" நிஜமாகவே புரியாதவர் போலக் கேட்டார். "உங்க நாத்தனார் காசை அரிய வகைன்னு போட்டுக் கொடுத்துடுறேன். சந்தோஷமா?"

வெளியே வந்ததும் பழைய படங்களைப் பிரதி எடுத்துக்கொள்ள நினைத்தாள். மேஜைக்குப் போய் கம்ப்யூட்டரைத் திறந்தபோது அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. 'பதிவுகள் புதுப்பிக்கப்படுகின்றன' என்று மட்டும் வந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

வீட்டில் பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு வந்த கணவர் சொன்னார், "வாயைத் திறந்தா வேலை போயிடும். அதோட முடியாது. முதல்ல உன் கையெழுத்தைத்தான் காட்டுவாங்க."

"நானே காட்டிடுறேங்க. அவங்க காட்டுறதுக்குள்ள."

காசைத் திரும்ப வாங்கிக்கொண்ட நாத்தனாரும் அங்கே இருந்தாள். கைப்பையிலிருந்து காசை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "சாட்சிக்கு இது வேணும்ல? எடுத்துக்க."

சேகரிப்பாளர் சங்கத்துக்கு லென்ஸக்கா நாலு பக்கம் கடிதம் எழுதினாள். முதல் பக்கத்திலேயே தன் தப்பை எழுதினாள். அசல் காசையும், குழி உள்ள இரண்டு காசுகளை வெளியில் வாங்கி அவற்றையும் சேர்த்து வைத்தாள். 'பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வேறொன்றும் வேண்டாம்' என்று முடித்தாள். காசுகளைப் பத்திரமாகத் திருப்பித் தருவதாகச் சங்கத்திடம் எழுதி வாங்கிக்கொண்டாள். மறுநாள் நிறுவனத்தில் அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். தராசண்ணன் தலை நிமிரவில்லை.

பதில் வர ஏழு வாரம் ஆனது. சங்கம் விஷயத்தை அலட்சியம் செய்யவில்லை, முறைப்படி விசாரித்திருந்தது. தங்களிடம் நிபுணர் இல்லாததால், புகாரில் சம்பந்தப்படாத ஓரிடத்துக்கு மூன்று காசுகளையும் அனுப்பியிருந்தது. அந்த இடம், நிறுவனத்தின் இரண்டாவது கிளை. குழி உள்ள இரண்டும் மாதிரியோடு முழுமையாக ஒத்துப்போவதாக அவர்கள் எழுதியிருந்தார்கள். மூன்றாவது போலி. உறுதியான போலிகள் மறுபடி புழக்கத்துக்கு வரக் கூடாது என்பது விதி.

சொன்னபடி பத்திரமாகத்தான் திருப்பியிருந்தார்கள், பஞ்சில் சுற்றி. கப்பலின் நடுவில் துளை போட்டிருந்தார்கள். சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு, விளிம்பு பளபளக்க.

"அண்ணி" என்று லென்ஸக்கா காசை நீட்டினாள்.

நாத்தனார் துளைக்குள் பார்த்தாள். "நீ என்னடி பண்ணுவ" என்றாள். அவள் குரல் அவ்வளவு சன்னமாகி லென்ஸக்கா கேட்டதில்லை. அதன் பிறகு அந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. வருவதும் போவதும் மட்டும் கொஞ்சம் குறைந்தது.

அடுத்த மாதம் முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்தார். மருந்துக்கடைக்காரர். யாரோ அவள் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். அவருடைய அப்பா வைத்திருந்த காசையும் போலி என்கிறார்களாம். கப்பல் காசு இல்லை. குதிரை போட்ட காசு. வாலுக்குப் பக்கத்தில் ஏதோ கோடு இருக்க வேண்டுமாம், அது இல்லையாம்.

தட்டில் இருந்த பன்னிரண்டையும் அவள் மனசு ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தது. குழியைக் கண்டுபிடித்த அன்று கப்பலைத் தவிர மற்ற பதினொன்றை அவள் எடுத்துப் பார்க்கவே இல்லை.

"சார், ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அந்தக் காசை யாருக்கும் அனுப்பாதீங்க. மேல்முறையீடு, அது இதுன்னு எதுவும் வேண்டாம். எடுத்து உள்ள வைங்க."



"நேத்தே அனுப்பிட்டேங்களே" என்றார் அவர்.