ஆய்வாளர்கள் உள்ளே இருக்கும்வரை

எங்கள் அமைச்சகத்தின் சட்டப் பிரிவில் 'கூடாது' என்று மொட்டையாக எழுத முடியாது. ஏன் கூடாது என்று காரணம் காரணமாக எழுத வேண்டும். எந்தக் காரணத்தை எப்படி ஒழித்துக்கட்டலாம் என்று மேலிடத்தில் யோசிப்பார்கள். இத்தனை வருஷம் அங்கே குப்பை கொட்டிய எனக்கு இது தெரியாததா?

பக்கத்து நாட்டு அணு நிலையத்தைக் குண்டு போட்டு அழித்தால் சட்டப்படி செல்லுமா என்று கேட்டார்கள். செல்லாது என்று எழுதினேன். அவர்கள் நம்மைத் தாக்கவில்லை. தாக்கப்போவதற்கும் ஆதாரமில்லை. ஐ.நா. பாதுகாப்பு சபையும் அனுமதிக்கவில்லை. அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். சர்வதேச ஆய்வாளர்கள் உள்ளே இருந்து சோதித்துக்கொண்டிருக்கும்வரை, வேறு வழியில்லை என்று சொல்ல முடியாது என்றும் சேர்த்தேன். அந்த ஆய்வாளர்களில் என் அண்ணனும் ஒருவன்.

செயலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மத்ததெல்லாம் ரெண்டு பக்கமும் பேசலாம்மா. இந்த ஆய்வாளர் விஷயம்தான் இடிக்குது."

"இடிக்கணும்னுதான் சார் எழுதினேன்."

எனக்குப் பெருமை வேறு, வெட்கக்கேடு.

அந்த வாரமே அண்ணன் பெட்டியோடு என் வாசலில் நின்றான். ஆய்வாளர்களின் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று எங்கள் அரசு சொல்ல, எல்லோரையும் திரும்ப அழைத்துவிட்டார்களாம்.

"உன்னை யாரு வரச் சொன்னா?"

"உயிரோட வந்தவனை இப்படியா கேப்பே?"

கட்டிக்கொண்டு அழுதேன். பிறகு செயலாளருக்குப் போன் செய்தேன்.

"மத்த காரணமெல்லாம் அப்படியே இருக்கே சார்."

"அதை வேற ஒருத்தர் பாத்து, செல்லும்னு எழுதிக் குடுத்துட்டாரும்மா. இனிமே நாள் கணக்குதான். வெளிய மூச்சு விடாதே."

சாப்பிடும்போது அண்ணனின் போன் அடித்தது. அணு நிலையத்தில் தினமும் அவனுக்குக் கதவு திறந்துவிடும் மேற்பார்வையாளர். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, உங்க ஹெல்மெட்டை இங்கயே விட்டுட்டுப் போயிட்டீங்க. எப்ப வருவீங்க?"

அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். என் முகத்திலேயே அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வேலைக்குப் போகாதீர்கள் என்ற ஒரு வார்த்தை என் தொண்டைவரை வந்தது. சொன்னால் தேசத் துரோகம். அதற்கும் சட்டம் இருக்கிறது. அது மட்டும் கச்சிதமாகச் செல்லும். நான் வாயைத் திறக்கவில்லை. அவனும் திறக்கவில்லை.

"சரி தம்பி, மெதுவா வாங்க. நான் எங்க போயிடப் போறேன், இங்கயேதான் இருப்பேன்."