பறவையைக் கழற்றிய கூட்டம்

அஞ்சலிக் கூட்டம் பத்து மணிக்குத் தொடங்கியது. பத்தேகாலுக்குள் மூன்று பேச்சாளர்கள் மறைந்த பேராசிரியருக்குச் சிரித்த முகம் வழங்கிவிட்டார்கள். முப்பத்திரண்டு வருடம் அவரோடு வேலை செய்த பசை கடைசி வரிசையில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தார். மேடம் சிரித்ததாக அவருக்கு இரண்டே தடவைதான் நினைவு. அதில் ஒன்று தும்மல்.

பசை என்பது பட்டப்பெயர். பல்கலைக்கழகத் தொல்லியல் துறையின் கிடங்கில் உடைந்த பானைகளை ஒட்டுவது அவர் வேலை. பேராசிரியருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: சல்லடை. தோண்டிய மண்ணை ஊரே ஒரு தடவை சலித்தால் அவர் இரண்டு தடவை சலிப்பார். மாணவர்களை மூன்று தடவை. கிரேக்க, ரோமானியப் பானைகளைப் பற்றி அவர் ஒன்று சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை.

மேடையில் அவர் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கிண்ணம் இருந்தது. மதுவில் தண்ணீர் கலக்கக் கிரேக்கர்கள் வைத்திருந்த அகன்ற வாய்க் கிண்ணம். கறுப்புப் பின்னணியில் செம்மண் நிறத்தில் ஒரு பெண். நீட்டிய கையில் ஒரு பறவை. முப்பத்தொரு வருடத்துக்கு முன்பு நூற்றுப் பதினேழு துண்டுகளை ஒட்டி மேடமும் பசையும் அதை எழுப்பினார்கள். பறவைப் பெண் துறையின் சின்னமானாள். கடிதத்தாள், கழுத்துப்பட்டை, காப்பிக் கோப்பை, வாசல் இரும்புக் கதவு என்று கண்ட இடத்திலெல்லாம் ஏறினாள். பெண்கள் கழிப்பறைக் கதவிலும் அவளே.

ஒரே ஒரு சங்கடம். அந்தப் பறவை அவளுடையது இல்லை, வேறொரு பானையின் துண்டு.

பானை வனைந்தவனின் விரல் வரிகள் உள்பக்கம் சுற்றிச் சுற்றி ஓடும். இரண்டு துண்டும் ஒரே பானையென்றால் ஒன்றில் விட்ட வரி மற்றதில் தொடரும். ஒட்டிய அன்று மேடம் கேட்டார்: "உள்ள நகத்தை ஓட்டிப் பாருங்க. இடறுதா?"

பசையின் நகம் இடறத்தான் செய்தது. ஆனால் அன்றைக்குத்தான் மேடம் முகத்தில், தும்மலல்லாத அந்தச் சிரிப்பு. பசைக்கு அப்போது இருபத்தேழு வயது. "இல்ல மேடம்" என்று வாய் முந்திக்கொண்டது.

ஒன்பது வருடம் கழித்து, தூசி துடைக்கக் கைவிட்டபோது மேடத்துக்கே தட்டுப்பட்டது. பசை திட்டு வாங்கக் காதைத் தயாராக வைத்துக்கொண்டு போனார். திட்டு வரவில்லை. "நானும் ஓட்டிப் பாத்திருக்கணும். பிரிச்சிடுவோம்" என்றார் மேடம். அன்றே தன் தவறைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை எழுதினார்; கிண்ணத்தைப் பிரிக்கச் சொல்லிப் பணித்தாளில் கையெழுத்திட்டார். துறையின் இதழ் அந்தக் கட்டுரையைப் பதினொரு தடவை அடுத்த இதழுக்குத் தள்ளியது. பணித்தாளில் துறைத்தலைவரின் கையெழுத்து விழவே இல்லை. தலைவர்கள் மாறினார்கள். இரும்புக் கதவு மாறவில்லை.

இப்போது மேடமும் இல்லை. பசைக்கு மாதக் கடைசியில் ஓய்வு. விஷயம் தெரிந்த கடைசி ஆளும் வீட்டுக்குப் போய்விட்டால் பறவை நிரந்தரமாக அங்கேயே குடியேறிவிடும். அதனால்தான், "மேடத்தின் எளிமை பற்றி மூன்று நிமிடம்" என்று கேட்டபோது மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"எளிமை பத்திப் பேசச் சொன்னாங்க. எளிமையெல்லாம் ஒண்ணும் கிடையாது. பிடிவாதம். தப்புன்னு தெரிஞ்சா தன்னையே விடமாட்டாங்க. இந்தப் பறவை தப்பா ஒட்டினது. எழுதியே வெச்சாங்க, யாரும் போடல. அன்னிக்கு இடறலன்னு பொய் சொன்னது நான்."

முன்வரிசையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையைத் திருப்பிப் பறவையை மறைத்துக்கொண்டார்.

துறைத்தலைவர் எழுந்து வந்து காதோரம் குனிந்தார். "அண்ணே, இன்னிக்கு வேணாமே. கூட்டம் முடியட்டும், உக்காந்து பேசலாம்."

"மேடமும் இருபத்திரண்டு வருஷமா உக்காந்துதான் இருந்தாங்க சார்."

"இப்ப என்னை என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

"கையை உள்ள விட்டு நகத்தை ஓட்டிப் பாருங்க. இடறலன்னா நான் இறங்கிப் போயிடறேன்."

பசை பெட்டியைத் திறந்தார். தலைவர் மேடத்தின் மாணவர்தான். ஒரு காலத்தில் அவர் நகத்துக்குத் தப்பிய ஓடே கிடையாது. சட்டைக் கையை மடித்து, மணிக்கட்டு வரை உள்ளே விட்டார். விரல் நகர்ந்தது. நின்றது. பின்னால் போய் மறுபடி வந்தது. அதே இடத்தில் நின்றது.

பசை அவர் வாயையே பார்த்தார். "இல்ல" என்ற சொல் எவ்வளவு சுலபமாக வரும் என்று அவருக்குத் தெரியும்.

முன்வரிசையிலிருந்து மேடத்தின் தங்கை குரல் கொடுத்தார். "தம்பி, கை மாட்டிக்கிச்சா?"

"இல்லம்மா" என்றார் தலைவர். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "இடறுது."

ஒலிவாங்கி பக்கத்திலேயே இருந்தது. எல்லோருக்கும் கேட்டது.

பசை சட்டைப் பையிலிருந்து பணித்தாளை எடுத்து நீட்டினார். "அப்ப இங்க ஒரு கையெழுத்து. கட்டுரை அடுத்த இதழ்ல. அடுத்தது இல்ல, இந்த அடுத்தது."

"கதவை என்னண்ணே பண்றது?"

"நான் பானை மட்டும்தான் சார். இரும்பு எனக்குத் தெரியாது."

தலைவர் மேடத்தின் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டார். பசை கையோடு கொண்டுவந்திருந்த பஞ்சைக் கரைப்பானில் நனைத்து ஒட்டின் மேல் வைத்தார். பிரிக்கவே முடியாத பசையை மேடம் கிடங்குக்குள் விட்டதில்லை. ஆனாலும் இளக முக்கால் மணி நேரம் ஆகும்.

யாரும் எழுந்து போகவில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. தன் ஆய்வேட்டின் நன்றியுரையை மேடம் ஆதாரம் கேட்டுத் திருப்பி அனுப்பியதை ஒருவர் சொன்னார். தங்கை அதைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார்: "எங்க வீட்ல டம்ளர் உடைஞ்சா பெருக்க விடமாட்டா. அது எப்படி விழுந்துச்சுன்னு முதல்ல பாக்கணும்பா. நாங்க செருப்புப் போட்டுக்கிட்டு ஓரமா நிப்போம்." சிரித்த முகம் வழங்கிய மூவரும் இப்போதுதான் நிஜமாகச் சிரித்தார்கள்.

பறவை பசையின் உள்ளங்கையில் வந்து விழுந்தது. பெண்ணின் விரல்கள் வெட்டவெளியைப் பிடித்திருந்தன.

"அப்ப இவ என்னதான் பிடிச்சிருந்தா?" என்றார் தலைவர்.

"தெரியாது சார். கிடங்குல திறக்காத பெட்டி இருநூறு இருக்கு. எனக்குப் பதினெட்டு நாள் இருக்கு. உங்க நகமும் நல்லாத்தான் இருக்கு. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு வந்துடுங்க."

தலைவர் மடித்த சட்டைக் கையை இறக்கவில்லை. "ஒம்பதரைக்கு வரட்டுமா?"

"ஒம்பது" என்றார் பசை.