லைனில் இருந்தவள்

பல் டாக்டர் இருக்காரா என்று அம்மா கேட்டபோது அம்மாவின் பற்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டுகள் மேசையிலேயே காய்ந்துகொண்டிருக்க, முன்பின் தெரியாத ஓர் ஊரில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் போனில் இல்லாத பல்வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். எதிரே மகள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் இதுதான். மகளுக்கு இன்ஜினியரிங் முடித்த கையோடு ஒரு லிப்ட் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. இரண்டு ஊர்களில் இடம் இருக்கிறது, எது வேண்டும் என்று நீயே பார்த்து ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் பதில் எழுது என்று சொல்லிவிட்டார்கள். ஒன்று, பஸ் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடுகிற ஊர். அங்கே பழைய லிப்ட்களைப் பழுது பார்க்கும் வேலை. இன்னொன்று, ரயிலில் ஓர் இரவும் மறுநாள் பாதியும் போக வேண்டிய ஊர். அங்கே கட்டி முடியாத அடுக்குமாடிகளில் புது லிப்ட் பொருத்தும் வேலை. சம்பளத்தில் வித்தியாசம் இல்லை. ஒரு வாரமாக இரண்டு ஊர்களின் வாடகை, மழை, பஸ் வசதி எல்லாவற்றையும் மகள் அம்மாவிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். தனக்கு எது வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. தூரத்து ஊர் என்றால் அம்மா சரி என்றுதான் சொல்லுவாள். அந்தச் சரியைக் காதால் கேட்கத்தான் மகளுக்குத் துணிச்சல் வரவில்லை. அப்பா போன பிறகு அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். அங்கே அவளுக்குப் பெயரே ஹலோ அக்கா. மனிதர்களை முகம் பார்த்து மறந்துவிடுவாள், குரலைக் கேட்டால் மறக்க மாட்டாள். ஓர் ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கம்ப்யூட்டர் எதற்கு, ஒரு ராங் நம்பர் போட்டால் போதும் என்பது அவள் கட்சி. தப்பு நம்பர் என்று தெரிந்த பிறகு ஒருவர் என்ன பேசுகிறாரோ அதுதான் ஊராம். மகள் சிரித்தாள், அம்மா சிரிக்கவில்லை. பக்கத்து ஊரில் ஏதோ ஒரு சைக்கிள் கடையின் எண்ணைத் தேடித் தரச்சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு, பல் டாக்டர் இருக்காரா என்று கேட்டாள். ராங் நம்பர் என்று டக்கென்று வைத்துவிட்டார்கள். பாவம், வியாபார நேரம் என்று அம்மா அந்த ஊருக்கு வக்காலத்து வாங்கினாள். தராசைப் பிடிக்கிற கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று மகளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

தூரத்து ஊரில் கிடைத்தது திரைச்சீலை தைக்கிற ஒரு கடை. எடுத்தது பெண் குரல், பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம். பல் டாக்டர் இல்லை, இது துணி தைக்கிற இடம் என்று சொன்னவள் அதோடு விடவில்லை. வலி ரொம்ப இருக்கிறதா, எந்தப் பக்கம், வீக்கம் உண்டா என்று கேட்டாள். தெருக்கோடியில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார், இன்று ஞாயிறு, மாடியில் வீட்டில்தான் இருப்பார், ஆள் அனுப்பிக் கேட்கட்டுமா என்றாள். அம்மாவுக்கு முழி பிதுங்கியது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள், வேலைப் பழக்கத்தில் "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று கைப்பேசியைத் தட்டுகளுக்கு நடுவே கவிழ்த்து வைத்தாள். ஆஸ்பத்திரியில் அப்படிச் சொல்லும்போதே விரல் ஒரு பொத்தானை அமுக்கிவிடும், அந்தப் பக்கம் ஒன்றும் கேட்காது. வீட்டு மேசையில் அந்தப் பொத்தான் இல்லை என்பது அவளுக்கு நினைவில் இல்லை.

"நல்லாத்தான் பேசறா," என்றாள், குற்றம் சொல்வதுபோல. "இப்படிப் பேசிட்டே இருந்தா எப்பத் தைப்பா?"

"நல்லாப் பேசினா அதுவும் தப்பாம்மா?"

"தப்புன்னு யாரு சொன்னா? பக்கத்து ஊர்ல என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்ல."

"அப்ப?"

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு தூரத்து ஊருக்குத்தான்மா போகணும். வெறும் கிணறு மாதிரி இருக்கிற இடத்துல முதல் தடவையா ஒரு லிப்ட் மேல ஏறறதைப் பாக்கணும். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தேன்."

அம்மா இரண்டு தட்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு பிரித்து வைத்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அந்த ஊர் பேரைச் சொல்றப்பல்லாம் உன் குரல் அரைக் கட்டை ஏறுதுடி கழுதை." தட்டில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையைச் சுரண்டினாள். "நாளெல்லாம் ஊர் உலகத்தோட பேசிட்டு வரேன். வீட்டுக்கு வந்து யாரோட பேசுவேன்? அது ஒண்ணுதான்."

மகள் அம்மாவின் கையைத் தொடக் கையை நீட்டினாள். அப்போது மேசை தும்மியது.

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. இத்தனை வருட வேலையில் ஒருவரையும் அவள் அப்படித் திறந்த லைனில் விட்டதில்லை. கைப்பேசியை நிமிர்த்தி, தன் முதுகையும் நிமிர்த்திக்கொண்டு, ஆஸ்பத்திரிக் குரலில், "காத்திருந்ததுக்கு நன்றி மேடம்," என்றாள்.

"பரவால்லக்கா." மெஷின் எப்போதோ நின்றிருந்தது. "அடுத்தவங்க வீட்டுப் பேச்சு, வெச்சிடணும்னுதான் பாத்தேன். என்ன முடிவாச்சுன்னு தெரியாம வைக்க மனசு வரல." கொஞ்சம் தயங்கிவிட்டு, "பல்வலி பொய்தானேக்கா?"

அம்மா சிரித்துவிட்டாள். வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. மகளும் சேர்ந்துகொண்டாள், அந்தப் பக்கத்திலும் சிரிப்பு கேட்டது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மா அன்றைக்கு முதல்முறையாக நிஜமான ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏம்மா, உங்க ஊர்ல இருட்டினப்புறம் ஒரு பொண்ணு வேலை முடிஞ்சு தனியா நடந்து வரலாமா?"

பதில் நீளமாக வந்தது. பெரிய ரோட்டில் தாராளமாக வரலாம், பாலத்துக்கு அடியில் மட்டும் வேண்டாம், அங்கே விளக்கு எரியாது, யாரிடம் சொல்லியும் சரிசெய்யவில்லை என்றாள். மறைக்காமல் சொன்ன அந்த எரியாத விளக்கு அம்மாவுக்குப் பிடித்துப்போனது. ஸ்பீக்கரை அணைத்து, கைப்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, தட்டுகளோடு சமையலறைக்குப் போனாள். அங்கேயும் பேச்சு நிற்கவில்லை. வாடகையிலிருந்து தண்ணீருக்கும், தண்ணீரிலிருந்து அந்தத் தையல்காரியின் முட்டிவலிக்கும் தாவிக்கொண்டிருந்தது. பதில் எழுத மகள் கம்ப்யூட்டரைத் திறந்து, தூரத்து ஊரின் பெயரில் முதல் எழுத்தை மட்டும் அடித்துவிட்டு, உள்ளேயிருந்து வரும் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேச்சு இப்போது அவளைப் பற்றித்தான். காலையில் எழுப்பினால் எழுந்திருக்க மாட்டாளாம், கோபம் வந்தால் சாப்பாட்டில் காட்டுவாளாம். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "உயரமா? என்னைவிட இவ்வளவு உயரம்," என்று அம்மா சோப்பு நுரையோடு ஒரு கையைத் தன் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். நுரை முழங்கை வழியாக இறங்கிச் சொட்டியது. கை இறங்கவில்லை. பார்க்க முடியாத அந்த ஒருத்தி பார்த்து முடிக்கட்டும் என்பதுபோல அது அங்கேயே நின்றது.