கணக்கில் சேராத வேலை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துச் சனமெல்லாம் அட்டன் தியேட்டரில் கிரேக்க வீரன் ஒருவனின் இங்கிலீசுப் படம் பார்த்தோம். வெட்ட வெட்டத் தலை முளைக்கும் பாம்பை அவன் வெட்டினான். தலை மறுபடி முளைக்காதபடி அவன் தம்பி மகன் ஓடி வந்து கழுத்தைத் தீயால் பொசுக்கினான். ஆனால் வேலை கொடுத்த ராஜா உதட்டைப் பிதுக்கினான்.

"ஒத்தாசைக்கு ஆள் வந்ததால இந்த வேலை கணக்குல சேராதுங்கிறான்," என்று எங்களோடு வந்த வாத்தியார் தமிழில் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடப்பாவி! உசிரக் குடுத்து வேல செஞ்சவனுக்கு அரைப்பேரா?" என்று கத்தினேன். எங்கள் தோட்டத்தில் ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். லயமே எழுந்து ராஜாவைத் திட்டித் தீர்த்தது.

மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில், நிறைமாதமாயிருந்த என் தம்பி பெண்சாதி சின்னம்மாளின் கூடையைப் பேர் போடும் கணக்கப்பிள்ளை தள்ளிவிட்டு, என்னைக் காட்டிச் சொன்னார்:

"பாதிக் கொழுந்து ஒன் நாத்தனா கிள்ளிப் போட்டது. ஒனக்கு அரைப்பேருதான்."

சின்னம்மாள் என்னைப் பார்த்தாள். நேற்றுக் கத்திய வாய்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. நான் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ராஜாவைத்தான் மறுபடியும் திட்டினேன். அவனால் என் பேரை வெட்ட முடியாதே!