அருக்காணி அம்மாள் பள்ளிக்கு வந்த சீர்

தாளாளர் குமாரசாமி அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியபோதே கீதாவுக்கு உறைத்திருக்க வேண்டும். பள்ளிக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கவே மூக்கால் அழுகிற மனுசன் அவர்.

"பழைய வாத்தியாருங்களுக்குப் பாராட்டு விழாவா? தாராளமா வைங்க டீச்சர். இங்க படிச்சவங்க எல்லாம் வரட்டும். அதுல ஒருத்தராவது எந்திரிச்சு, இந்தப் பள்ளிக்கோடம் வேணும்னு கேட்டாங்கன்னா நான் நடத்தறேனுங்க. யாரும் கேக்கலீன்னா மூடறதுக்கு நீங்க குறுக்க நிக்கக் கூடாது."

தலைமையாசிரியை கீதா சரியென்றாள். தொண்டாமுத்தூர்ப் பக்கம், குமாரசாமியின் தாத்தா தம் மனைவி அருக்காணி பேரில் ஐம்பத்தாறில் கட்டிய உயர்நிலைப் பள்ளி அது. ஒரு காலத்தில் இடமில்லாமல் வராந்தாவில் உட்கார்ந்து படித்தார்கள். இப்போது வருகிறவர்கள் தென்னந்தோப்புக் கூலிகளின் பிள்ளைகள், கோழிப்பண்ணை வேலைக்கு வடக்கிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், அவ்வளவுதான். மூடிவிட்டால் அடுத்த பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பையன்களாவது தொற்றிக்கொண்டு போவார்கள். பெண்பிள்ளைகளை வீட்டோடு நிறுத்திவிடுவார்கள்.

ஒரே ஒருத்தர் கேட்டால் போதும். இத்தனை பேரை ஆளாக்கிவிட்ட பள்ளிக்காக ஒருத்தருக்குமா வாய் திறக்காது? பாவம், அப்படித்தான் நம்பினாள்.

அந்தக் காலத்து ஆட்களில் மிச்சம் இருந்தது இரண்டே பேர். ஒருவர் டிரில் மாஸ்டர் அப்துல் மஜீத். கோட்டைமேட்டில் பேத்தி மிஸ்பா வீட்டில் இருந்தார். காது மந்தம், கத்தினால்தான் கேட்கும். விழா என்றதும் கையை உதறினார்.

"சால்வை போர்த்துவாங்க. அதை வச்சு நான் என்னம்மா பண்றது? முன்ன வந்ததெல்லாம் மிக்ஸிக்குப் போட்டு மூடி வச்சிருக்கா மிஸ்பா."

கீதா அவர் காதருகே குனிந்து கத்தினாள். "நீங்க வந்து மேடையில உக்காந்தாப் போதுங்க சார். பள்ளிக்கோடம் பொழச்சுக்கும்."

வெள்ளை பேன்ட்டை இஸ்திரி போடச் சொன்னார்.

இன்னொருத்தர் ஆயா குழந்தையம்மாள். பள்ளிப் பானையிலிருந்து எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சொம்பில் தண்ணீர் ஊற்றியவள். யார் பிள்ளைக்கு எந்தச் சொம்பு என்று ஊர் கணக்குப் பார்த்த நாளில் அப்படிச் செய்துபோட்டு, பெரிய வீட்டுக்காரர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள். கூப்பிட்டதும் வந்துவிட்டாள்.

பழைய மாணவர்களுக்குத் தலைவர் நஞ்சுண்டன். அறுபத்தெட்டு செட்டு. பம்புசெட் கம்பெனி முதலாளி. "கவலையே படாதீங்க டீச்சர், ஜமாய்ச்சுப்போடலாம். சீரோட வாரோம்," என்றார்.

கல்யாணவீட்டுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோவதுபோல, பள்ளிக்கு ஊரே சீர் கொண்டுபோவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மேளம் முன்னே வர, பட்டுச்சேலைகளும் வெள்ளை வேட்டிகளுமாகத் தட்டெடுத்து வந்தார்கள். பின்னாலேயே ஒரு டெம்போவில் பீரோ, ஃபேன், நாற்காலி, எவர்சில்வர் குடம். கீதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூடப்போகிற இடத்துக்கு யாராவது சீர் எடுப்பார்களா?

மேடையில் புகழ்ந்து தள்ளினார்கள். மைக்கைப் பிடித்த அத்தனை பேரும் மஜீத் சார் அடித்த அடியால்தான் மனுசனானதாகச் சொன்னார்கள். அவர் ஒன்றும் கேட்காமல் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். காலில் விழுந்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள், சில பேர் அழவும் அழுதார்கள். பள்ளி வேண்டும் என்று மட்டும் ஒரு நாக்கும் புரளவில்லை.

கடைசியில் பேசுவார்கள் என்று கீதா காத்திருந்தாள். வழியில் இருந்த குடத்தை ஓரமாக நகர்த்தினாள். குடத்தின் கழுத்தில் பேர் வெட்டியிருந்தது. '1968 எஸ்.எஸ்.எல்.சி. மாணவர்கள் அன்பளிப்பு, அருக்காணி இன்டர்நேஷனல் ஸ்கூல்.'

நாற்காலி முதுகுகளைப் பார்த்தாள். பீரோவைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே பேர்தான். பைபாஸ் ஓரமாகக் குமாரசாமி கட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிக் கட்டடத்தின் பேர்.

நஞ்சுண்டனைத் தனியே கூப்பிட்டாள். "இது என்னங்க?"

"அதுங்களா? இந்த ஓட்டுக் கட்டடத்துல மாட்டி என்ன பிரயோஜனமுங்க? அதுதான் நேரா அங்கயே போகட்டும்னு. அருக்காணி பெரியம்மா பேரு அங்கயும் இருக்குதல்லோ."

"மூடப்போறது உங்களுக்குத் தெரியுமா?"

"சித்திரையிலயே பேசி முடிச்சுப்போட்டோமுங்க. என்ற பேத்தியும் அங்கதான் சேர்றா." அவர் குரலில் துளி சங்கடம்கூட இல்லை. "நல்லபடியா வழியனுப்போணும்னுதான டீச்சர் இத்தனை செலவு?"

வழியனுப்பு விழாவாம். ஆறு மாதமாக ஓடி ஓடி அவர்களுக்கு இவளே பந்தல் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அவமானத்தில் அவளுக்குக் காது மடல் சுட்டது. நன்றியுரைக்கு அழைத்தார்கள். போய் மைக்கைப் பிடித்தாள்.

"நன்றியெல்லாம் அப்பறம் சொல்றேனுங்க. ஒரே ஒரு கேள்வி. இங்க படிச்ச நீங்க யாராச்சும் எந்திரிச்சு, இந்தப் பள்ளிக்கோடம் இருக்கோணும்னு கேப்பீங்களா? ஒருத்தர் கேட்டாப் போதும். தாளாளர் நடத்தறேன்னு வாக்குக் குடுத்திருக்கறாரு."

இத்தனை நேரம் மூக்கைச் சிந்தியவர்கள் செல்போனைக் குனிந்து பார்த்தார்கள். ஒரு அம்மா வளையலைச் சரிசெய்துகொண்டாள்.

மேடையின் ஓரத்தில் நாற்காலி நகர்ந்தது. குழந்தையம்மாள் கைப்பிடியை ஊன்றி எழுந்து நின்றாள்.

"நான் கேக்கறேனுங்க. பள்ளிக்கோடம் இருக்கோணும். பொட்டப்புள்ளைக எங்கீங்க போவும்?"

கீதா குமாரசாமியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் நிதானமாக வந்து மைக்கை வாங்கினார். முகத்தில் அத்தனை கனிவு.

"ஆயா, நீங்க இங்க தண்ணி ஊத்துனீங்க. படிக்கலீங்களே. நான் படிச்சவங்களைத்தானுங்க கேட்டேன்."

பந்தல் சிரித்தது. கெட்ட சிரிப்புகூட இல்லை, செல்லமான சிரிப்பு. அதுதான் கீதாவுக்குப் பொறுக்கவில்லை. யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். நஞ்சுண்டன் ஓடிவந்து ஆயாவுக்கு இன்னொரு சால்வை போர்த்தி போட்டோவுக்கு நின்றார். இலை போட்டாகிவிட்டது என்று குரல் வந்தது. கூட்டம் பந்திக்கு நகர்ந்தது. டெம்போக்காரன் குடத்தை எடுத்து வண்டியில் வைத்தான்.

மஜீத் சார் மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். கீதா பக்கத்தில் வந்ததும் ஆவலாகக் கேட்டார்.

"பொழச்சுக்கிச்சாம்மா?"

அவள் குனிந்தாள். மெல்லச் சொன்னால் அவருக்குக் கேட்காது. ஊருக்கே கேட்கிற மாதிரி கத்த வேண்டியிருந்தது.

"இல்லீங்க சார். மூடறாங்க."

பந்திக்குப் போன ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கைகள் நின்றன. தோளில் கிடந்த சால்வைகளை ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலியில் போட்டார்.

"அப்பறம் என்னை எதுக்கும்மா கூட்டிட்டு வந்தீங்க?"